ஈவோ ஒன்று முதல் பத்து வரை: ஃபொக்ஸ் ஹில் மண் சொல்லும் கணக்கு

ஏப்ரல் நெருங்கினால் எமது ஊர்த் தம்பிமாரின் பேச்சு மாறிவிடும். ஒரு பக்கம் நுவரெலியாவில் மஹகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி, மறு பக்கம் தியத்தலாவையில் ஃபொக்ஸ் ஹில் சுப்பர்குரொஸ். வெலிமடை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. "ஈவோ ஃபைவ் நல்லமா, நைன் நல்லமா?" என்று வகுப்பறை வரை கேள்வி வருகிறது. அதற்குள் வரலாறும் இருக்கிறது, தரம் 10 உராய்வுப் பாடமும் இருக்கிறது என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

மஹகஸ்தோட்டை 1934 இல் தொடங்கியது. தார் வீதி, ஒரு நேரத்தில் ஒரு வண்டி, எதிராளி கடிகாரம் மட்டும்தான். ஃபொக்ஸ் ஹில் 1993 இல் வந்தது. அங்கே மண் தடம், வண்டிகள் கூட்டமாக ஓடும். அந்த மலைக்குப் பெயர் தந்தது ஃபொக்ஸ் என்ற பிரித்தானியப் போர்க்கப்பல். அதன் மாலுமிகள் மலைச்சரிவில் போட்ட நரி உருவம்தான் பெயருக்குக் காரணம்.

மிட்சுபிஷி லான்சர் எவலூஷன் பிறந்தது 1992 இல். உலக ரலி போட்டியில் ஓடவேண்டுமானால் அதே வண்டியைப் பொதுமக்களுக்கும் விற்றாக வேண்டும் என்பது அன்றைய விதி. ஆகவே சாதாரண லான்சர் உடம்புக்குள் 1997 சீசீ டர்போ எஞ்சினையும் நாலு சில்லு இழுவையையும் வைத்தார்கள். 250 குதிரைவலு, எடை சுமார் 1,240 கிலோ. நேரே பறக்கும், ஆனால் முடக்கில் மூக்கு உள்ளே வராமல் வெளியே தள்ளும். 1994 இல் வந்த இரண்டில் சில்லுகளுக்கிடையேயான தூரத்தைக் கூட்டி அதைத் திருத்தப் பார்த்தார்கள். 1995 இல் வந்த மூன்றோடு வலு 270 ஆனது. பின்லாந்துக்காரர் டொமி மெக்கினன் 1996 இல் உலகப் பட்டம் வென்றது அந்த மூன்றில்தான். 1999 வரை தொடர்ந்து நான்கு பட்டங்கள், எல்லாம் லான்சரில்.

உண்மையான திருப்பம் 1996 இல் வந்த நான்கு. எஞ்சினை 180 பாகை திருப்பி வைத்தார்கள். பின் சில்லு இரண்டுக்கும் வலுவைப் பிரித்துக் கொடுக்கும் ஒரு கருவியும் வந்தது. முடக்கில் வெளிப்பக்கச் சில்லுக்குக் கூடுதல் தள்ளு கிடைக்கும், வண்டி தானாக உள்ளே திரும்பும். (போட்டிக்காரர் பலர் அந்தக் கருவி இல்லாத, எடை குறைந்த ஆர்.எஸ். வகையையே விரும்பினார்கள். கருவி குறைந்தால் கராஜ் வேலையும் குறையுமல்லவா!) 1998 இன் ஐந்தில் உடம்பு அகன்றது, பிரெம்போ பிரேக் வந்தது. 2001 இன் ஏழில் முன்னுக்கும் பின்னுக்கும் வலுவைப் பிரிப்பதும் கணினி வசமானது. தார், மண், பனி என்று சாரதி தெரிவு செய்யலாம்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஜப்பானிய நிறுவனங்கள் 280 குதிரைவலுவைத் தாண்டுவதில்லை என்று தமக்குள் உடன்பட்டிருந்தன. அதனால் நான்கு முதல் 2005 இன் ஒன்பது வரை காகிதத்தில் அதே 280தான். அத்தனை வருட உழைப்பும் பெரும்பாலும் திரும்புவதற்கும் நிறுத்துவதற்கும் போனது. 2007 இன் பத்து புதிய அலுமினிய எஞ்சினோடு வந்தது. ஓட்ட இலகு, ஆனால் எடை 1,500 கிலோவைத் தாண்டிவிட்டது. எமது கணிப்பில் மண் தடத்துக்கு ஆறு வரையான வண்டிகள்தான் மனிதன் கையில் இருந்தவை. ஒன்பது வேகமானது, பத்து சொகுசானது.

இனி உராய்வுக் கணக்கு. பத்துத் தலைமுறையும் திரும்பும் விதத்தை மாற்றின. பிடிப்பின் எல்லையைத் தீர்மானிப்பதோ டயரும் மண்ணும்தான். கணினி இருக்கிற பிடிப்பைப் பங்கிடும், இல்லாத பிடிப்பை உண்டாக்காது. 60 இல் போகும் வண்டி நிற்க எடுக்கும் தூரத்தைப்போல 120 இல் போகும் அதே வண்டிக்கு நான்கு மடங்கு தேவை. உதிரி மண்ணில் அந்தத் தூரம் இன்னும் நீளும். முடக்கில் நல்ல வண்டி சாரதிக்குத் தரும் தைரியம் பிரேக்கை மிதிக்கும்போது உதவாது.

2024 ஏப்ரல் 21 இல் நடந்தது எல்லோருக்கும் தெரியும். பெருநாளும் சித்திரைப் புத்தாண்டும் அடுத்தடுத்து முடிந்த ஞாயிறு. ஐந்து வருட இடைவெளிக்குப் பின் ஃபொக்ஸ் ஹில் போட்டி. ஒரு வண்டி புரண்டது. வேகத்தைக் குறைக்கும்படி மஞ்சள் சமிக்ஞை காட்டினார்கள். அதற்குள் இன்னொரு வண்டி தடம் விலகிக் கூட்டத்துக்குள் வந்துவிட்டது. ஏழு பேர் மரணித்தார்கள். எட்டு வயதுச் சிறுமியும் தடத்தில் பணியாற்றியவர்களும் அதில் அடக்கம். எந்த வண்டி, யார் குற்றம் என்ற பேச்சுக்கு நாம் வரவில்லை.

கேட்கவேண்டியது வேறு. முப்பது வருடத்தில் வண்டி இத்தனை தலைமுறை மாறியது. பார்வையாளர் நிற்கும் இடம் அதற்கேற்ப எத்தனை அடி பின்னால் போனது? பிடிப்பு விட்ட வண்டி முடக்கின் வெளிப்பக்கம்தான் போகும். படம் எடுக்க நல்ல இடமும் அதுவே. தம்பிமார் போனால் வெளிமுடக்கை விட்டு, மேட்டில், தடத்துக்கு எட்ட நில்லுங்கள். சின்னப் பிள்ளைகளைத் தோளில் வைத்துக்கொண்டு கயிற்றோரம் போகவே வேண்டாம்.