பயனரின் தேவையை அறியும் இணையச் சேவைகள்: இருப்பிடம் மட்டும் போதுமா?

ஆந்திரப் பிரதேச மாநிலம், திருப்பதி மாவட்டத்தில் உள்ள பாகாலா ரயில் சந்திப்பு, கூடூர் – காட்பாடி பாதையில் அமைந்துள்ளது. தர்மாவரத்திலிருந்து கதிரி வழியாக வரும் பாதையும் இங்கு வந்து இணைகிறது.

இந்நிலையத்தில் மூவர் அலைபேசியைத் திறப்பதாகக் கொள்வோம். ஒருவர் திருமலைக்குச் செல்லும் பக்தர். மற்றொருவர் சிகிச்சைக்காக வேலூர் செல்லும் நோயாளி. மூன்றாமவர் மாங்காய் விலையை அறிய விரும்பும் உள்ளூர் விவசாயி. மூவரின் இருப்பிடமும் ஒன்றே, தேவைகள் வெவ்வேறு. இந்த வேறுபாட்டைக் கணினிக்கு உணர்த்தும் முயற்சியே ‘பயனர் மாதிரி’ எனப்படுகிறது.

பயனர் மாதிரி என்றால் என்ன?

ஒருவரைப் பற்றிய தகவல்களை இரு வகையாகத் தொகுத்து, அவருக்கேற்ற சேவையை முன்வைப்பதே இம்முறை. மொழி, வயது, தொழில், முந்தைய பயன்பாடு ஆகியவை தனிப்பட்ட தகவல்கள். இடம், நேரம், கருவி, இணைய வேகம், அப்போது செய்யும் பணி ஆகியவை சூழல் தகவல்கள். இவை பயனரிடம் நேரடியாகக் கேட்டோ, அவரது செயல்பாடுகளிலிருந்து ஊகித்தோ பெறப்படுகின்றன. கேள்விகள் மிகுந்தால் பயனர் சலிப்படைவார். ஊகம் பிழைத்தால் சேவையே பிழையாகும்.

இத்துறையின் தொடக்ககால முயற்சிகளுள் ஒன்று, எலைன் ரிச் 1979-இல் விவரித்த ‘கிரண்டி’ என்ற கணினி நிரலாகும். வாசகர் தம்மைப் பற்றிக் கூறும் சொற்களைக் கொண்டு அது நாவல்களைப் பரிந்துரைத்தது. பரிந்துரை பிடிக்கவில்லை என்றால் தன் கணிப்பைத் திருத்திக்கொண்டது. ‘சூழல் அறியும் கணினி’ என்ற கருத்தை 1994-இல் பில் ஷிலிட், மார்வின் தைமர் ஆகியோர் முன்வைத்தனர்.

அரசுச் சேவைகளில்

இந்தியாவில் 2022 ஜூலை 4 அன்று பிரதமர் நரேந்திர மோடி தொடங்கி வைத்த ‘மைஸ்கீம்’ தளம், கேட்டறியும் முறைக்கு எடுத்துக்காட்டாகும். பாலினம், வயது, மாநிலம், சமூகப் பிரிவு, மாற்றுத்திறன் போன்ற விவரங்களைப் பெற்று, பொருந்தக்கூடிய நலத்திட்டங்களை அது பட்டியலிடுகிறது. ஆந்திர அரசு 2025 ஜனவரி 30 அன்று தொடங்கிய ‘மன மித்ரா’, முதற்கட்டமாக 161 சேவைகளை வாட்ஸ்அப் வழியாக வழங்கியது.

எல்லைப் பகுதியின் சிக்கல்

பாகாலா 2022 ஏப்ரல் 4 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. மாவட்டச் சீரமைப்பில் திருப்பதி மாவட்டத்துக்கு மாறியது. பழைய முகவரியை மட்டும் நம்பும் சேவை, பயனரைத் தவறான மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்பக்கூடும். மாநிலத்தைக் கொண்டு மொழியை ஊகித்தால், தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்தவருக்கும் தெலுங்குப் பக்கமே திறக்கும். நலத்திட்ட விண்ணப்பத்தில் இத்தகைய பிழை நேர்ந்தால், உரிய உதவி காலத்தில் கிடைக்காமல் போகலாம்.

சட்டப் பாதுகாப்பு

துல்லியமான கணிப்புக்குக் கூடுதல் தகவல் தேவைப்படுவதால் தனியுரிமைக் கேள்வியும் எழுகிறது. தனியுரிமை அடிப்படை உரிமை என உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. அதன் பின்னர் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் இயற்றப்பட்டது; அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன.

ஒப்புதல் பெற்றுத் திரட்டும் தரவு, குறிப்பிட்ட நோக்கத்துக்குத் தேவையான அளவில் மட்டுமே இருக்க வேண்டும் என்கிறது இச்சட்டம். பிழையான தரவைத் திருத்தக் கோரும் உரிமையையும் அது அளிக்கிறது. 18 வயதுக்கு உட்பட்டோரின் நடத்தையைக் கண்காணிப்பதற்கும், அவர்களை இலக்காகக் கொண்டு விளம்பரம் செய்வதற்கும் பொதுவாகத் தடை உள்ளது.

பயனர்கள் தங்கள் செயலிகளில் மொழித் தேர்வு, இருப்பிட அனுமதி, பதிவான மாவட்டம் ஆகிய மூன்றையும் அவ்வப்போது சரிபார்த்துக்கொள்வது, ஊகத்தால் நேரும் பிழைகளைக் குறைக்க உதவும்.