அந்த சி மைனர் அம்மாவுக்கான அழுகையா?

1779இல் சால்ஸ்பேர்க்கில் மொஸார்ட் ஒரு இரட்டைக் கொன்செர்ட்டோ எழுதினார். வயலினும் வியோலாவும் சரிசமமாக முன்னுக்கு நின்று வாசிக்கிற படைப்பு. பெயர் 'சின்ஃபோனியா கொன்செர்ட்டான்டே', பட்டியல் எண் கே. 364. மூன்று பகுதிகளில் முதலாவதும் மூன்றாவதும் ஈ ஃபிளாட் மேஜரில் வெளிச்சமாக நிற்க, நடுப்பகுதி மட்டும் சி மைனருக்கு இறங்குகிறது. கேட்பவர்கள் மறக்காமல் வைத்திருப்பது பெரும்பாலும் இந்த நடுப்பகுதியைத்தான்.

இதை அறிமுகப்படுத்துகிறவர்கள் கூடவே ஒரு கதையும் சொல்லுவினம். 1777 செப்டம்பரில் மொஸார்ட் தாய் அன்னா மரியாவோடு வேலை தேடிப் பயணம் போகிறார். பாரிஸில் தாய் நோயில் விழுந்து 1778 ஜூலை 3ஆம் திகதி இறக்கிறார். அப்போது மகனுக்கு 22 வயது. அன்று இரவே தகப்பனுக்குக் கடிதம் எழுதுகிறார், ஆனால் உண்மையைச் சொல்லவில்லை. அம்மாவுக்குக் கடும் வருத்தம் என்று மட்டும் எழுதிவிட்டு, தகப்பனைத் தயார்ப்படுத்தும்படி ஒரு குடும்ப நண்பருக்குத் தனியாக எழுதுகிறார். நல்ல வேலையும் கிடைக்காமல் 1779 ஜனவரியில் ஊர் திரும்புகிறார். அதே வருடம் இந்த சி மைனர். ஆகவே இது தாய்க்கான ஒப்பாரி என்று முடித்துவிடுகிறார்கள்.

கதை கச்சிதமாகத்தான் இருக்கு. ஆனால் ஒரு திகதி இடிக்குது.

1777 ஜனவரியில் மொஸார்ட் ஒரு பியானோ கொன்செர்ட்டோ எழுதியிருந்தார், கே. 271. அதுவும் ஈ ஃபிளாட் மேஜர். அதன் நடுப்பகுதியும் சி மைனர். அதுவும் இதே மாதிரிக் கனத்த, தழுதழுத்த இசைதான். அப்போது தாய் உயிரோடு இருக்கிறார், பயணமே தொடங்கவில்லை. பிறகு 1785 டிசம்பரில் வியன்னாவில் இன்னொன்று, கே. 482. மறுபடியும் ஈ ஃபிளாட் மேஜர், நடுவில் சி மைனர். அந்த நடுப்பகுதியை மேடையிலேயே திரும்பவும் வாசிக்க வேண்டி வந்தது என்று தகப்பன் லியோபோல்ட் மகளுக்கு எழுதினார்.

மூன்று படைப்பு, மூன்று காலகட்டம், ஒரே அமைப்பு. அப்படியென்றால் இந்தத் துயரத்தை வாழ்க்கையில் மட்டும் தேடினால் போதாது, இசைக்குள்ளேயும் தேட வேண்டும்.

முதலில் சுரங்கள். கீபோர்ட் பழகியவர்களுக்குத் தெரியும்: ஈ ஃபிளாட் மேஜருக்கும் சி மைனருக்கும் அடிப்படையில் அதே ஏழு சுரங்கள்தான். எந்தச் சுரத்தை வீடாக எடுக்கிறோம் என்பதில்தான் வித்தியாசம். அதனால் முதல் பகுதி முடிந்து நடுப்பகுதி தொடங்கும்போது நாங்கள் வேறு ஊருக்குப் போவதில்லை. அதே வீட்டில் விளக்கை அணைத்த மாதிரி இருக்கும்.

அடுத்தது வேகம். மொஸார்ட் எழுதியது 'அந்தாந்தே'. நடக்கிற வேகம் என்று பொருள். 'அடாஜியோ' என்று போட்டிருந்தால் இன்னும் மெதுவாக, கிட்டத்தட்ட நின்று நின்று போயிருக்கும். இன்று பலர் இதை இழுத்து வாசிக்கிறார்கள். ஒப்பாரிக் கதை அந்த இழுப்புக்கு வசதி. ஆனால் தாளில் இருப்பது துயரத்தோடு தொடர்ந்து நடக்கிற ஒருவரின் வேகம்.

மூன்றாவது, வியோலா. அந்தக் காலத்தில் அது நடுவில் இருந்து இடைவெளியை நிரப்புகிற வாத்தியம். குவான்ட்ஸ் 1752இல் வெளியிட்ட நூலில், வியோலாவை ஆட்கள் பெரிதாக மதிப்பதில்லை, பழகத் தொடங்கியவர்களிடம் அதைக் கொடுத்துவிடுகிறார்கள் என்று சொல்லியிருந்தார். மொஸார்ட்டோ தானே விரும்பி வியோலா வாசித்தவர். இந்தப் படைப்பில் அதன் நாலு தந்திகளையும் அரைச் சுரம் மேலே ஏற்றச் சொல்கிறார். வாசிப்பவரின் தாளில் இருப்பது டி மேஜர், காதுக்கு வருவது ஈ ஃபிளாட் மேஜர். தந்தி இறுகுவதால் ஒலி பளிச்சென்று வரும். விரல் வைக்காத தந்திகளும் தாராளமாக அதிரும். வயலினுக்குப் பக்கத்தில் நின்றும் அடிபட்டுப் போகாத குரல் அப்படித்தான் கிடைத்தது. இன்று பலர் தந்தியை ஏற்றாமலே வாசிக்கிறார்கள்.

அந்தக் குரலை வைத்து மொஸார்ட் செய்வதைக் கவனியுங்கோ. இசைக்குழு தொடங்கிவைக்க, வயலின் சி மைனரில் பாடுகிறது. அடுத்து வியோலா அதே பேச்சை எடுக்கிறது, ஆனால் அதையே திருப்பிச் சொல்லாமல் மெல்ல மெல்ல ஈ ஃபிளாட் மேஜருக்குக் கொண்டுபோகிறது. ஆறுதல் கீழ்க்குரலில் இருந்து வருகிறது. இருவரும் தனியே வாசிக்கிற கடைசிக் கட்டத்தைக்கூட மொஸார்ட் கலைஞர்களின் கற்பனைக்கு விடவில்லை, ஒவ்வொரு சுரமாகத் தானே எழுதிவைத்தார்.

தாயின் சாவு அவரைத் தொடவே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. இழப்பு இந்த இசைக்குள்ளும் வந்திருக்கலாம். ஆனால் துயரப்பட்ட ஒருவர் எதை எழுதினாலும் அதைக் கண்ணீராக மட்டும் வாசித்தால், அவருடைய உழைப்பும் தெரிவும் எங்கள் கண்ணில் படாமலே போய்விடும். 1781இல் தகப்பனுக்கு எழுதிய கடிதம் ஒன்றில், உணர்ச்சி எவ்வளவு கொந்தளித்தாலும் இசை இசையாகவே இருக்க வேண்டும் என்ற கருத்தை மொஸார்ட்டே சொல்கிறார். இரண்டு வருடத்துக்கு முன்னமே இந்த நடுப்பகுதியில் அதைச் செய்து காட்டியும் இருந்தார்.

அடுத்த முறை கேட்கும்போது அந்தக் கதையைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, வியோலா எந்த இடத்தில் விளக்கைத் திரும்பப் போடுகிறது என்று மட்டும் கேட்டுப் பாருங்கோ.