கடல் கொண்டதும் வானம் பொய்த்ததும்

மல்லாங்கிணறு என்னும் ஊர்ப்பெயரிலேயே ஒரு கிணறு இருக்கிறது. தண்ணீரைத் தேடித் தேடி வாழ்ந்த மக்கள் தங்கள் ஊருக்குத் தண்ணீரின் பெயரையே சூட்டியிருப்பதில் வியப்பில்லை. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக் கரிசல் பூமிக்கு ஆண்டில் கிடைப்பது ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழை. அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையிலேயே பெய்து முடிந்துவிடும். கடலைக் காணாமலே வாழ்நாளைக் கழித்தோர் நம் முன்னோரில் பலர். இத்தகைய மண்ணில் இருந்துகொண்டு ஆழிப்பேரலையைப் பற்றி ஆராய வேண்டுமா எனச் சிலர் கேட்கலாம். வேண்டும் என்பதே நம் எண்ணம். ஏனெனில் நம் வறட்சிக்கும் பிறப்பிடம் கடலே.

இவ்வட்டாரத்தின் பழைய நினைவிலும் வெள்ளம் இடம்பெற்றிருக்கிறது. ஊழிப் பெருவெள்ளம் சூழ்ந்து வந்தபோது சிவபெருமான் அதைச் சுழித்துப் பாதாளத்துள் புகச் செய்தார். ஆதலால் அவ்வூர் திருச்சுழி ஆயிற்று என்பது அத்தலத்தின் புராணம். பாண்டிய நாட்டைக் கடல் கொண்டதைச் சிலப்பதிகாரமும், புகார் நகர் கடல்கோளுக்கு இரையானதை மணிமேகலையும் கூறுகின்றன. நம் திருவிவிலியத்திலோ நோவாவின் காலத்து வெள்ளம் உண்டு. நீரின் சீற்றத்தை மனித குலம் எளிதில் மறப்பதில்லை.

2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவின் மறுநாள், திருக்குடும்ப ஞாயிறு. இந்திய நேரப்படி காலை ஆறரை மணியளவில் சுமத்திரா தீவை ஒட்டிய கடலடியில், ஒரு நிலத்தட்டு மற்றொன்றின் கீழ் அமிழும் இடத்தில், ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குப் பூமி பிளந்தது. அதன் அளவு 9.1. கடற்படுகை திடீரென உயர்ந்ததும் அதன்மேல் நின்ற நீர் முழுவதும் எழும்பியது. ஆழ்கடலில் அந்த அலை மணிக்கு எழுநூறு, எண்ணூறு கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். ஆயினும் ஒரு மீட்டர் உயரம்கூட இராது. படகில் இருப்பவர் அறியார். கரை நெருங்க நெருங்க வேகம் குறைந்து உயரம் பெருகும். சுனாமி என்னும் ஜப்பானியச் சொல்லுக்குத் ‘துறைமுக அலை’ என்பதே பொருள்.

சுமார் இரண்டு மணி நேரத்தில் அவ்வலை தமிழகக் கரையைத் தாக்கியது. தமிழகத்தில் இறந்தோர் ஏறத்தாழ 8,000 பேர். அவர்களுள் 6,000 பேருக்கு மேற்பட்டோர் நாகப்பட்டினம் மாவட்டத்தவர். வேளாங்கண்ணிக்குத் திருப்பயணமாக வந்தோரும் அங்கே மாண்டனர். அந்த இரண்டு மணி நேரத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். பசிபிக் பெருங்கடலுக்கு 1949 முதலே எச்சரிக்கை மையம் இருந்தது. இந்தியப் பெருங்கடலுக்கு இல்லை. ஐதராபாத்தில் இந்தியாவின் எச்சரிக்கை மையம் இயங்கத் தொடங்கியது 2007இல். அலை இயற்கையுடையது; அறிவிப்பின்மை மனிதருடையது.

இனி நம் மண்ணின் பேரிடருக்கு வருவோம். நம் பாட்டிமார் ‘தாது வருசப் பஞ்சம்’ என்று நடுக்கத்தோடு சொன்னது 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த பெரும் பஞ்சம். 1876இல் பருவமழை பொய்த்தது. அடுத்த ஆண்டும் பொய்த்தது. காரணம் அன்று எவருக்கும் தெரியாது. இன்று தெரியும். பசிபிக் கடலின் நடுப்பகுதியும் கீழ்ப்பகுதியும் வழக்கத்துக்கு மிஞ்சி வெப்பமுறும்போது, காற்றோட்டம் இடம் மாறி, இந்தியாவின் தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் தளர்ந்துபோகும். 1877இல் அவ்வெப்பம் மிகக் கடுமையாக இருந்தது. இந்திய வானிலைத் துறையின் தலைவராக இருந்த கில்பர்ட் வாக்கர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தொடர்பின் ஒரு பகுதியைக் கண்டறிந்தார். 1969இல் பியர்க்னஸ் என்னும் அறிஞர் அதைக் கடலின் வெப்பத்தோடு இணைத்து விளக்கினார். இந்நிகழ்வின் பெயர் ‘எல் நினோ’. கிறிஸ்து பிறப்புக் காலத்தில் தம் கடல் சூடாவதைக் கண்ட பெரு நாட்டு மீனவர் குழந்தை இயேசுவை நினைத்து இட்ட பெயர் அது.

ஆனால் மழை பொய்த்ததனால் மட்டுமே மக்கள் மாண்டனரா? வரலாறு அவ்வாறு கூறவில்லை. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்ததாகக் கணக்கிடப்படுகிறது. அவ்வேளையிலும் தானிய ஏற்றுமதி தடுக்கப்படவில்லை. 1877 சனவரி முதல் நாளில் அரசப் பிரதிநிதி லிட்டன் டெல்லியில் பெருந்தர்பார் நடத்தினார். செலவைக் குறைக்க அனுப்பப்பட்ட ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்வோரின் கூலியை நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது ஏறத்தாழ 450 கிராம் தானியமும் சிறு காசுமாகக் குறைத்தார். கல்லுடைக்கும் மனிதனுக்கு இது போதாது எனச் சென்னை மாகாணச் சுகாதார அதிகாரி கார்னிஷ் வாதாடினார். சில மாதங்கள் கழித்தே கூலி உயர்ந்தது. அதற்குள் எத்தனையோ உயிர்கள் போய்விட்டன.

உழவர் மட்டும் விழவில்லை. உணவுக்கே வழியற்ற நாட்டில் துணி வாங்குவார் யார்? ஆதலால் தறிகளும் நின்றன. வறண்ட மாவட்டங்களிலிருந்து இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குக் கடல் கடந்தோர் தொகை பெருகியது. பஞ்சத்தின் பின்னர் 1880இல் பஞ்ச ஆணையம் அறிக்கை தந்தது. 1883இல் பஞ்ச நிவாரணச் சட்டநெறிகள் உருவாயின. லட்சக்கணக்கானோர் இறந்த பின்னரே பாடம் கற்கப்பட்டது. 2004க்கும் இதே கதைதான்.

இத்தகைய வேளைகளில் விசுவாசிகள் உள்ளத்தில் ஒரு கேள்வி எழும்: இது இறைவனின் தண்டனையா? 1755 நவம்பர் முதல் நாள், புனிதர் அனைவரின் பெருவிழாவன்று, லிஸ்பன் நகரத்தார் ஆலயங்களில் கூடியிருந்த காலையில் பூமி அதிர்ந்தது, பின்னர்க் கடல் புகுந்தது, நகரம் தீப்பற்றியது. திருப்பலியில் இருந்தோர்மீதே கூரைகள் விழுந்தன. இது பாவத்தின் தண்டனை எனப் போதித்தார் இயேசு சபைக் குரு மலக்ரிதா. அமைச்சர் பொம்பாலோ ஒவ்வொரு பங்குக்கும் வினாப்பட்டியல் அனுப்பினார். அதிர்வு எவ்வளவு நேரம் நீடித்தது, கடல் முதலில் ஏறியதா இறங்கியதா என்பன போன்றவை அவ்வினாக்கள். பங்குக் குருக்கள் எழுதியனுப்பிய விடைகள் நிலநடுக்க ஆய்வுக்கு அடித்தளங்களுள் ஒன்றாயின. உண்மையைக் கண்டறிந்து எழுதுவதும் மேய்ப்புப் பணியே என்பதற்கு அவ்விடைகள் சான்று.

நம் ஆண்டவரே இக்கேள்விக்கு விடையளித்திருக்கிறார். சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த பதினெட்டுப் பேர் மற்றவரைவிடக் கொடிய பாவிகள் அல்லர் என்று லூக்கா நற்செய்தியில் காண்கிறோம். இறந்தோரின் பாவத்தைத் தேடாமல், உயிரோடிருப்போர் மனம் மாற வேண்டும் என்பதே அவர் கற்பித்தது. அந்த மனமாற்றம் செபத்தோடு நின்றுவிடலாகாது. எகிப்தில் யோசேப்பு பஞ்சம் வருமென அறிந்து ஏழு ஆண்டுகள் தானியம் சேர்த்தார். அவருடைய விசுவாசம் களஞ்சியமாகக் கட்டப்பட்டது.

நம் முன்னோர் கட்டிய களஞ்சியம் கண்மாய். ஒரு கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால் அடுத்த கண்மாய்க்கு நீர் சேரும்படி அவர்கள் அமைத்தார்கள். வரத்துக்கால் அடைபட்டும், உள்வாய் ஆக்கிரமிக்கப்பட்டும், சீமைக் கருவேலம் மண்டியும் கிடந்தால், பெய்கிற மழையும் நமக்கு உதவாது. அந்நிலையில் வானத்தைக் குறைகூற நமக்கு உரிமை ஏது? கடற்கரையோர் துயருற்றபோது அரிசியும் துணியும் அனுப்பினோம், அது அன்பு. ஒரே காலையில் வரும் துயரைக் கண்டு நெஞ்சு பதறுகிறது. மாதக்கணக்கில் மெல்ல வரும் துயரோ பழகிப்போகிறது. பக்கத்து வீட்டுக் குடம் காலியாயிருப்பதும், வேலையின்றி ஓர் குடும்பம் பூட்டிய வீட்டை விட்டுப் பிழைக்கப் போவதும் நம்மைப் பதறச் செய்ய வேண்டும்.

ஆதலால் ஒவ்வொரு பங்கிலும் அன்பியத்திலும் வரும் கோடையில் ஊர்க் கண்மாயின் வரத்துக்காலை ஒருமுறை நடந்து பார்ப்போம். எங்கே அடைபட்டிருக்கிறது என்பதைக் குறித்துக்கொண்டு, எம்மதத்தவராயினும் ஊரார் அனைவரோடும் கூடித் தூர் வாருவோம். பெரியவர்கள் பஞ்சத்தைப் பற்றிக் கேள்விப்பட்டவற்றை இளைஞர் எழுதி வைக்கட்டும். மழையைத் தருபவர் இறைவன். அதைத் தேக்கி வைக்கும் பொறுப்பை அவர் நம்மிடமே விட்டிருக்கிறார்.