உலைக்களத்தை மீட்ட ஆர்வலர்கள்

ஒரு கலை நிலைபெற வேண்டுமாயின் அதனைக் கொண்டு பிழைப்போர் இருந்தாக வேண்டும் என்பது பொதுவான கருத்து. ஆயின், சோறு போடும் ஆற்றலை இழந்துவிட்ட ஒரு தொழிலை, அதனால் ஊதியம் எதனையும் எதிர்பாராதவர்கள் விரும்பிக் கற்றுக் காத்த நிகழ்ச்சிகளும் வரலாற்றில் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க ஐக்கிய நாட்டில் கத்தி அடிக்கும் கலை மறுவாழ்வு பெற்ற வரலாறு அத்தகையது. அவ்வரலாற்றின் வேர்களுள் ஒன்று தமிழகத்து உலைக்களங்களில் ஊன்றியிருப்பதால், அது தமிழர் எண்ணிப் பார்த்தற்குரியதாகவும் அமைகின்றது.

தொழிற்சாலைகள் பெருகிய பின்னர், எஃகை உலையிலிட்டுச் சம்மட்டியால் அடித்துக் கத்தியாக்கும் முறை அமெரிக்காவில் அருகியது. கைத்திறன் கத்தி செய்வோர் 1970இல் தமக்கெனச் சங்கம் கண்டபோதும், அவர்களுள் மிகப் பெரும்பாலோர் ஆலையில் உருவான எஃகுப் பட்டையை வெட்டியும் சாணையில் தேய்த்துமே கத்தி செய்தனர். உலையையும் பட்டடைக்கல்லையும் விடாது பற்றி நின்ற மிகச் சிலருள் ஒருவர் வில்லியம் மோரன். 1925இல் மேரிலாந்து மாநிலத்தில் பிறந்த அவர் ஓர் உழவர் மகன். சிறுவனாய் இருந்தபோதே பண்ணையில் கத்தி அடித்துப் பழகியவர்.

1973ஆம் ஆண்டு கான்சஸ் நகரில் அச்சங்கம் நடத்திய கண்காட்சியில், மோரன் தாம் செய்த சில கத்திகளைக் காட்சிக்கு வைத்தார். அவற்றின் அலகுகளில் நீரோட்டம் போன்ற வரிகள் நெளிந்தன. தன்மையில் வேறுபட்ட இரும்புகளை அடுக்கி, உலையில் காய்ச்சி, அடித்து ஒட்டவைத்து, மடித்து மீண்டும் அடித்துப் பல நூறு அடுக்குகளாக்கும் பழைய முறையால் அவ்வரிகள் தோன்றின. ஏறத்தாழ மறக்கப்பட்டிருந்த அந்நுட்பத்தை மோரன் தம் உடைமையாகப் பூட்டி வைக்கவில்லை. செய்முறையை விளக்கும் சிறு நூலொன்றை அச்சிட்டு, கேட்டோர்க்கு விலையின்றி வழங்கினார். போட்டியாளர் பெருகுவரே என்று அஞ்சாத அச்செயலே பின் நிகழ்ந்தவற்றுக்கெல்லாம் வித்து எனலாம்.

1976இல் மோரனும் நண்பர் மூவரும் சேர்ந்து அமெரிக்கக் கத்திக் கொல்லர் கழகத்தை நிறுவினர். 1988இல் ஆர்கன்சா மாநிலத்து வாஷிங்டன் என்னும் சிற்றூரில் கத்தி அடிக்கும் பள்ளி ஒன்று தொடங்கப்பெற்றது. கற்க வந்தவர்களுள் பலர் வேறு தொழிலால் வாழ்ந்து, ஓய்வு நாள்களில் வீட்டின் பின்புறத்தில் உலை மூட்டியவர்கள். அத்தகையோர்க்கென வெய்ன் கோடார்டு என்னும் கொல்லர் 2001இல் வெளியிட்ட நூலின் பெயரே ‘ஐம்பது டாலர் கத்திப் பட்டறை’ என்பது. கழித்துப் போட்ட பொருள்களைக் கொண்டே பட்டறை அமைக்கும் வழியை அது கற்பித்தது. 2015இல் தொடங்கிய தொலைக்காட்சிப் போட்டி நிகழ்ச்சியொன்று இக்கலையைப் பொதுமக்களிடமும் கொண்டு சேர்த்தது.

ஓய்வு நேரத்துக் கலை என்பதால் இதனை எளிதெனக் கருதுதல் கூடாது. கற்போர் பொதுவாக நூற்றுக்கு முக்கால் முதல் ஒரு பங்கு வரை கரி கலந்த எஃகைத் தேர்ந்துகொள்வர். காய்ந்த எஃகின் நிறத்தைக் கண்ணால் அளந்து, வெண்சூடு ஏறவிடாமலும், செம்மை குன்றிக் குளிர்ந்தபின் அடிக்காமலும் இருக்கக் கை பழக வேண்டும். வடிவம் அமைந்தபின் தோய்ச்சல். ஏறத்தாழ 770 பாகை வெப்பத்தில் எஃகு காந்தத்தை ஈர்க்கும் தன்மையை இழக்கும். ஆதலின் காந்தத்தைத் தொட்டுப் பார்த்து, அது ஒட்டாத நிலைக்குச் சற்று மேலே சூடேற்றி எண்ணெயில் தோய்ப்பர். அவ்வேளையில் ‘கிண்’ என்றொரு சிற்றொலி கேட்டால் அலகு விரிந்தது என்று பொருள். பல நாள் உழைப்பும் அவ்வொலியோடு முடிந்துவிடும். தப்பிய அலகும் கண்ணாடிபோல் கடினமானதே. கீழே விழுந்தால் உடையும். எனவே, வீட்டுச் சமையலறை அடுப்பறைப் பெட்டியிலேயே 200 பாகை அளவில் இரண்டு மணி நேரம் வைத்து அதன் முறுக்கைத் தணிப்பர். தேய்த்த அலகின்மேல் வைக்கோல் நிறம் படரும். சோற்றுக்கும் எஃகுக்கும் சொல்லுக்கும் பதம் என்ற ஒரே பெயரைத் தமிழ் வைத்திருப்பதன் பொருத்தத்தை அந்நிறம் நினைவூட்டும்.

கழகம் நடத்தும் முதல் நிலைத் தேர்வு குறிப்பிடத்தக்கது. தேர்வர் தாமே அடித்த கத்தியால், தொங்கும் ஓர் அங்குலக் கயிற்றை ஒரே வீச்சில் அறுத்தல் வேண்டும். தடித்த மரச்சட்டத்தை இருமுறை வெட்டித் துணித்தல் வேண்டும். அதன் பின்னும் அக்கத்தியின் வாய் கைம்மயிரை மழிக்க வேண்டும். இறுதியில் அதனை இரும்புப் பிடியில் இறுக்கி, 90 பாகை வளைப்பர். அலகு இரண்டாக முறிதல் கூடாது. கூர்மைக்குக் கடினமும் வளைவிற்கு நெகிழ்வும் ஒரே அலகில் அமைந்தனவா என்பதே கேள்வி. தேர்ச்சி பெற்றவர்க்கு மிஞ்சுவது கோணலாகிப்போன ஒரு கத்தியே. விற்பதற்காக மட்டும் செய்பவன் இத்தகைய தேர்வை விரும்பி மேற்கொள்வானா என்பது ஐயம்.

மோரனின் வரிகள் அடுக்கி ஒட்டியதால் வந்தவை. பழைய தமாஸ்கசு வாள்களின் வரிகளோ எஃகின் உள்ளிருந்தே தோன்றியவை. அவ்வாள்களுக்குரிய எஃகு தென்னிந்தியாவிலிருந்து சென்றது. ‘உருக்கு’, ‘உக்கு’ என்னும் திராவிடச் சொற்களின் திரிபாகக் கருதப்படும் ‘வூட்ஸ்’ என்ற பெயரால் ஐரோப்பியர் அதனை அறிந்தனர். 1795இல் ஜார்ஜ் பியர்சன் இலண்டன் அரச கழகத்தில் அதனைப்பற்றி ஆய்வுரை அளித்தார். பின்னர்க் கொல்லர் ஒருவரின் மகனாகிய மைக்கேல் பாரடே அதனை ஆராய்ந்தார். நொய்யற் கரைக் கொடுமணலில் நடந்த அகழாய்வும், தென்னார்க்காட்டு மேல்சிறுவலூரில் கண்டறியப்பட்ட மூசைத் துண்டுகளும் இத்தொழிலின் தமிழகத்துத் தொன்மைக்குச் சான்றுகள். இரும்போடு ஆவாரஞ் சுள்ளியும் எருக்கிலையும் மூசையிலிட்டு மூடி உருக்கிய செய்தியைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேயர் குறித்து வைத்துள்ளனர்.

அந்நூற்றாண்டிலேயே இத்தொழில் அழிந்தது. இறக்குமதி இரும்பின் மலிவும், காட்டு விறகுக்கு வந்த தடைகளும் காரணங்கள். வேறொரு காரணமும் உண்டு. உலை அறிந்தவர்க்கு எழுத்து எட்டாமலும், எழுத்து அறிந்தவர் உலையை நெருங்காமலும் பிறப்பால் தொழில் பிரிக்கப்பட்டிருந்தது. பிறர் விரும்பிக் கற்கும் வாயில் அடைபட்டிருந்ததால், வருவாய் நின்ற அன்றே அறிவும் நின்றது. அதனை எழுதி வைத்தவரும் அயலாரே.

அறுந்த அவ்விழையை மீண்டும் பற்றியவர் புளோரிடாவில் குதிரைகளுக்கு லாடம் அடித்த ஆல்பிரட் பென்ட்ரே. அவரும் அயோவா மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் வெர்கோவனும் பல்லாண்டு முயன்று, மூசையில் எஃகு உருக்கி, பழைய வாள்களை ஒத்த வரிகளை உருவாக்கினர். மிகச் சிறிய அளவில் கலந்த வனேடியம் போன்ற பொருள்களே அவ்வரிகளுக்கு ஏதுவாகும் என 1998இல் வெளியிட்டனர். அத்தகைய தாது கிடைக்காமற் போனதும் வரிகள் மறைந்தன என்பது அவர்கள் கருத்து. தமிழகத்தும் பிற தென்னிந்தியப் பகுதிகளிலும் பெயர் தெரியாத உலையோர் அறிந்திருந்ததைக் கண்டறிய, ஒரு லாடக்காரரின் கையும் ஒரு பேராசிரியரின் ஏடும் ஒன்றுசேர வேண்டியிருந்தது.

அச்சேர்க்கைக்கு இன்றும் தமிழகத்தில் இடமுண்டு. திருப்பாச்சேத்தி போன்ற ஊர்களில் அரிவாள் அடிப்போர் உள்ளனர். தோய்ச்சலின் நிறத்தையும் நேரத்தையும் குறிக்க அவர்களிடம் வழங்கும் சொற்களுள் அகராதி ஏறாதவை பல இருக்கக்கூடும். கவிதையால் வயிறு வளர்க்காமலே பத்தாண்டுகள் கூடிவந்த இலக்கிய வட்டத்தார்க்கு, ஊதியமின்றி ஒன்றைக் காப்பது புதிதன்று. அப்பட்டறைகளின் வாயிலில் ஒரு குறிப்பேட்டுடன் சென்று அமர்வது அவர்க்கு இயலும் பணி. பட்டறைகள் ஒவ்வொன்றாய் மூடப்படுமுன் அது நிகழ்தல் வேண்டும்.