மடை திறந்தவர்கள் சங்கத்தில் இல்லை

வேடந்தாங்கலுக்குப் போகிற நாம் எல்லோரும் பிளேஸ் துரையின் கதையைக் கேட்டுவிட்டுத்தான் திரும்புகிறோம். 1790களில் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், பறவைகளைச் சுடக்கூடாது என்று ஊராருக்குக் கவுல் எழுதிக் கொடுத்தார். பறவைகளின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமானதால் ஊரே பறவைகளைக் காத்தது. கதை உண்மைதான். ஆனால் அந்த ‘ஊரார்’ யார்? உரமேறிய தண்ணீர் யாருடைய வயலில் பாய்ந்தது?

அன்றைய செங்கல்பட்டில் நஞ்சை நிலம் மிராசுதார்கள் கையில் இருந்தது. நம் மூதாதைகள் அந்த நிலத்தில் பண்ணையாட்கள். ஏரியை அன்றாடம் பார்த்துக்கொண்டவர்கள் நீர்கட்டிகள். சில ஊர்களில் கம்புகட்டி என்பார்கள். பெரும்பாலான ஊர்களில் இவர்கள் சேரிக்காரர்கள். மடை திறப்பதும் அடைப்பதும், வயல் வயலாகத் தண்ணீர் பிரித்து விடுவதும், ஐப்பசி கார்த்திகை மழையில் ராத்திரி முழுக்கக் கரையில் காவல் கிடப்பதும் இவர்கள் வேலை. கூலி, களத்தில் அளந்து போடும் நெல். எந்த வயலுக்கு எவ்வளவு தண்ணீர் என்று கண்ணளவில் சொல்லத் தெரிந்தவருக்கு அந்த ஏரிப் பாசனத்தில் ஒரு காணி நிலம் கிடையாது.

இதைத்தான் இன்று ‘குடிமராமத்து’ என்று பொற்காலம்போலப் பேசுகிறார்கள். பொற்காலக் கதைகளில் நமக்கு எப்போதும் மண்வெட்டிதான்! ஊர் கூடி விருப்பத்தோடு செய்த வேலை என்றால் 1858இல் சென்னை மாகாணத்துக்குக் கட்டாய உழைப்புச் சட்டம் எதற்காக வந்தது? கரை உடையும் ஆபத்து வந்தால், அக்கம்பக்கத்தில் உள்ள ‘உழைக்கும் வகுப்பைச்’ சேர்ந்த உடல் வலுவுள்ள ஆண்களை வேலைக்கு இழுக்க அந்தச் சட்டம் அதிகாரம் கொடுத்தது. அந்த வேலைக்குக் கூலி தர வேண்டும் என்றும் சொன்னது. வர மாட்டேன் என்று சொல்லும் உரிமையைத்தான் தரவில்லை. அதே 1858இல்தான் வேடந்தாங்கல் பறவைகளுக்கான பாதுகாப்பைச் செங்கல்பட்டு கலெக்டர் மீண்டும் உறுதிசெய்தார்.

1891இல் இதே மாவட்டக் கலெக்டர் திரமென்ஹீர், பறையர்களின் நிலை குறித்து அரசுக்கு அறிக்கை எழுதினார். அதன் விளைவே 1892இன் பஞ்சமி நில ஆணை. நமக்கு அது பெரிய வெற்றி, சந்தேகமில்லை. ஆனால் கிடைத்தவை பெரும்பாலும் தரிசுகள். மடையிலிருந்து வாய்க்கால் போய்ச் சேரும் நஞ்சை மிராசுதாரிடமே தங்கியது. ஆக, நிலம் வந்தபோதும் தண்ணீர் வரவில்லை.

குடிக்கும் தண்ணீருக்கே தனிப் போராட்டம் தேவைப்பட்டது. பொதுக் கிணறு, குளம், தெரு எல்லோருக்கும் பொது என்ற தீர்மானம் 1924இல்தான் சென்னை சட்டமன்றத்தில் வந்தது. மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் அப்போது அந்த மன்றத்தின் உறுப்பினர். மகாத் குளத்தில் அம்பேத்கர் தண்ணீர் அள்ளியது அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து.

இனி நம் காலத்துக்கு வருவோம். 2000ஆம் ஆண்டின் பாசன அமைப்புகள் மேலாண்மைச் சட்டப்படி, நீரைப் பயன்படுத்துவோர் சங்கத்தில் ஓட்டுரிமை ஆயக்கட்டு நில உடைமையாளருக்கு. 2017 மார்ச்சில் மணிமங்கலம் ஏரியில் குடிமராமத்துத் திட்டத்தைத் தொடங்கினார்கள்: முதல் கட்டமாக 100 கோடி ரூபாய், 1,519 பணிகள். செலவில் பத்தில் ஒரு பங்கை ஆயக்கட்டுதாரர் தர வேண்டும், பணிகளையும் அவர்களே எடுத்துச் செய்யலாம். ‘மக்கள் பங்கேற்பு’ என்று அதற்குப் பெயர். நிலமில்லாதவர் அந்த ‘மக்கள்’ கணக்கில் இல்லை. நீர் சேமிப்புக்கு முதலிடம் தந்து 2005இல் வந்த நூறு நாள் வேலைச் சட்டத்தில் ஏரிக்குள் இறங்கி மண் சுமந்தவர்களில் நம் பெண்கள் எத்தனை பேர் என்று சேரியில் கேட்டாலே தெரியும். வண்டல் அள்ளியவர் கையில் மஸ்டர் ரோல் வரிசை எண் இருந்தது. தண்ணீர் எப்போது திறப்பது, மீன் குத்தகை யாருக்கு என்று பேசும் கூட்டத்தில் அவருக்கு நாற்காலி இல்லை.

தோழர்களே, உங்கள் ஊர் ஏரியின் சங்க உறுப்பினர் பட்டியலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். அதே ஏரியில் வேலை செய்தவர்களின் மஸ்டர் ரோலையும் வாங்குங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அடுத்த கிராமசபையில் பெயர் பெயராக வாசியுங்கள்.