எழுத்தில்லாக் கற்களும் சான்றே: மழைக்காட்டுத் தொல்லியலும் வன உரிமையும்

திருவரங்கம் கோயிலின் கல்வெட்டுகளுக்கென்றே ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ வரிசையின் 24ஆம் தொகுதி வெளியிடப்பட்டது. கொடுத்தவர் யார், பெற்றவர் யார், எல்லை எது என்பதைக் கல்லே சொல்கிறது. அதே திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில், துறையூரை அடுத்த பச்சைமலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் நிலத்துக்கு அப்படியோர் ஆவணக் குவியல் கிடையாது. எழுத்தில்லாத இடத்தில் வரலாறும் இல்லை, உரிமையும் இல்லை என்று அதிகாரம் எளிதில் முடிவு கட்டிவிடுகிறது.

அறிவுலகமும் இப்பிழையைச் செய்ததுண்டு. உழவர்களோடு பண்டமாற்று இன்றி மழைக்காட்டில் மட்டும் மனிதர் வாழ்ந்திருக்க இயலாது என்று 1980களின் இறுதியில் மானிடவியலாளர் சிலர் வாதிட்டனர். இலங்கையின் ஈரவலயக் குகைகள் அதை மறுத்தன. களுத்துறை மாவட்டத்துப் பாகியன்கலைக் குகையில் ஏறத்தாழ 48,000 ஆண்டுப் பழமையுள்ள எலும்பு அம்புமுனைகளும், நுண்கற்கருவிகளும், வேட்டையாடப்பட்ட குரங்கு, அணில் ஆகியவற்றின் எலும்புகளும் கிடைத்தன. தொல்மனிதப் பற்களின் ஐசோடோப்புகளை ஆராய்ந்து 2015இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியான கட்டுரை, அங்கு மக்கள் குறைந்தது 20,000 ஆண்டுகளாக மழைக்காட்டு உணவை நம்பி வாழ்ந்ததை நிறுவியது. எக்குவடோரின் உபானோ பள்ளத்தாக்கில், அமேசான் காட்டுக்கடியில் 6,000க்கு மேற்பட்ட மண்மேடைகளும் நேர்சாலைகளும் இருப்பதை 2024இல் வெளியான லேசர் அளவாய்வு காட்டியது.

தமிழகத்தில் தடயங்கள் வேறு வகையின. பழனி மலையின் கற்திட்டைகளைப் பற்றி ஆங்கிலேட், நியூட்டன் என்னும் இரு பாதிரியார்கள் எழுதிய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928இல் வெளியிட்டது. சேர்வராயன் மலையில் புதிய கற்காலக் கோடரிகளை மக்கள் சிறு கோயில்களில் வைத்து வழிபட்டதை புரூஸ் ஃபுட் பதிவு செய்துள்ளார். ஈர மலைகளின் அமிலமண் எலும்பை அரித்துவிடுவதால், பல இடங்களில் எஞ்சுவது கல் மட்டுமே. அக்கற்திட்டைகளை எழுப்பியோர் இன்றைய பளியரின் முன்னோர் என்று மெய்ப்பிக்கப்படவில்லை. அப்படிக் கோருவது வழக்கை வலுவிழக்கவே செய்யும்; சட்டம் அதைக் கேட்கவும் இல்லை.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் பழங்குடியினரிடம் கேட்பது, 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே காட்டில் வாழ்ந்து அதைச் சார்ந்திருந்தமையைத்தான். ‘பிற மரபுவழி வனவாசிகள்’ என்ற வகைக்குள் வரவேண்டிய தலித் குடும்பங்களோ மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், காட்டுவி. 2008 விதிகளின் 13ஆம் விதி கிணறு, இடுகாடு, வழிபாட்டிடம் போன்ற தொன்மையைக் காட்டும் கட்டமைப்புகளையும், முதியோரின் எழுத்துவடிவ வாக்குமூலத்தையும் சான்றாக ஏற்கிறது. சாதி ஒதுக்கிவைத்த தனி இடுகாடே இங்கு உரிமைச் சான்றாகிறது என்பது கசப்பான முரண். ஒன்றுக்கு மேற்பட்ட சான்றுகள் தேவை. ஆனால் குறிப்பிட்ட வகை ஆவணம்தான் வேண்டுமென வற்புறுத்தக் கூடாதென 2012 திருத்தம் கோட்ட, மாவட்டக் குழுக்களைத் தடுக்கிறது.

மறுபுறம் ஓர் இடர் உண்டு. ஒரு தொல்லிடம் மத்திய அரசின் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கப்பட்டால், 2010 திருத்தத்தின்படி அதன் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டுமானம் தடைசெய்யப்படும். அதற்கப்பால் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. முன்னோர் தடயமே பின்னோரை வெளியேற்றும் கருவியாகலாம். ஆகவே அகழாய்வோ அறிவிப்போ வருமுன் கிராம சபை அவ்விடங்களை வரைபடத்தோடு தீர்மானத்தில் பதிந்து, உரிமைக் கோரிக்கையுடன் இணைத்துவிடுவது நல்லது. கோரிக்கையின் சரிபார்ப்பு முடியும்வரை எவரையும் அவர் அனுபவத்திலுள்ள வனநிலத்திலிருந்து வெளியேற்றலாகாது என்கிறது அச்சட்டத்தின் 4(5)ஆம் பிரிவு.