காஞ்சிபுரம் வட்டாரத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான மருத்துவச் சேவை: பன்னாட்டுக் கூட்டாய்வுகள்

உடல் ஊனமோ நாள்பட்ட மனநோயோ உடையவர்களுக்கு மருத்துவம் எட்டும் வழிகளைப் பற்றி இந்திய, வெளிநாட்டு ஆய்வாளர்கள் காஞ்சிபுரம் வட்டாரத்தில் சேர்ந்து நடத்திய பணிகளை இக்கட்டுரை விவரிக்கிறது. தொழுநோய் ஆய்வு காலத்தால் முந்தியது. மனச்சிதைவு நோயாளிகளிடையே நடந்த 'காப்சி' ஆய்வு முறையால் செம்மையானது.

எல்லை: பழைய செங்கல்பட்டு மாவட்டம் 1997இல் காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டாகப் பிரிந்தது. 2019 நவம்பரில் செங்கல்பட்டு மீண்டும் தனி மாவட்டமாயிற்று. அதற்கு முந்தைய அறிக்கைகளில் காணப்படும் 'காஞ்சிபுரம்' என்பது இன்றைய மாவட்டத்தைவிடப் பரந்தது.

திருமணி: செங்கல்பட்டை அடுத்த திருமணியில் லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை 1924இல் நிறுவப்பட்டது. அக்காலத்தில் மருந்து என்றால் நீரடிமுத்து எண்ணெய்தான். ஊசியாகப் போட்டால் வலி மிகுதி, பலன் ஐயத்துக்குரியது. இங்குப் பணியாற்றிய ராபர்ட் காக்ரேன், சல்போன் மருந்துகளை இந்தியாவில் முதலில் கையாண்டவர்களுள் ஒருவர். கிருமி அடங்கினாலும் மடங்கிய விரல் நிமிரவில்லை. அதைப் பார்ப்பது யார் வேலை என்று அதுவரை முடிவாகவில்லை.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவராக இருந்த பால் பிராண்டு 1947இல் திருமணிக்கு வந்தார். கொல்லிமலையில் வளர்ந்தவர் அவர். விரல் மடங்கிய நோயாளி ஒருவரின் கையைப் பற்றியபோது அந்தப் பிடியின் வலுவைக் கண்டு திகைத்தார். கையின் சில தசைகள் செயலிழந்திருந்தாலும் முன்கையின் பல தசைகள் பழுதின்றி இருந்தன. அப்படியானால் நல்ல தசையின் நாணை எடுத்து, செயலிழந்த விரலோடு பொருத்தலாம். இவ்வறுவை மருத்துவம் வேலூரில் அடுத்த ஆண்டே தொடங்கியது. பாதப்புண்ணுக்கும் தசை அழுகலுக்கும் காரணம் கிருமியன்று, வலி தெரியாமையே என்பதும் அவரால் நிறுவப்பட்டது. முள் குத்தியும் அறியாமல் நடப்பவருக்கு மாத்திரையைவிடச் செருப்பு முதலில் தேவை. 'எம்.சி.ஆர். செருப்பு' என்று நோயாளிகளும் பணியாளர்களும் சொல்லும் மென்ரப்பர் காலணி இந்த எண்ணத்தின் விளைவாகும். 1966இல் பிராண்டு அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குச் சென்றார். அங்கே இந்த அறிவு நீரிழிவுப் பாதப் புண்களுக்குப் பயன்பட்டது. வெளிநாட்டு உதவி என்றால் அங்கிருந்து இங்கு வருவது என்றே கருதுவோர் இதைக் கவனிக்க வேண்டும். திருமணி மருத்துவமனையை 1955இல் மத்திய அரசு ஏற்று, மத்தியத் தொழுநோய்ப் பயிற்சி, ஆராய்ச்சி நிறுவனமாக்கியது.

காப்சி ஆய்வு: மருத்துவர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் தொடங்கிய 'ஸ்கார்ஃப்' நிறுவனம், கோவா, மகாராட்டிர அமைப்புகளுடனும் லண்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்களுடனும் கூடி இவ்வாய்வை நடத்தியது. நிதி வெல்கம் அறக்கட்டளையுடையது. 2009, 2010 ஆண்டுகளில் சேர்க்கப்பட்ட 282 மனச்சிதைவு நோயாளிகளுள் 95 பேருக்கு மருத்துவர் கவனிப்பு மட்டும் கிடைத்தது. 187 பேருக்கு அதனுடன் பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர் வீட்டுக்கே வந்தார். மருந்து தவறாமல் உண்ணச் செய்வது, குடும்பத்துக்கு நோயைப் புரியவைப்பது, ஊனமுற்றோர் உதவித்தொகைக்கு வழிகாட்டுவது அவருடைய வேலைகள். ஓராண்டுக்குப்பின் வீட்டுவருகை பெற்றவர்களிடம் நோய்க்குறிகளும் இயலாமையும் சற்றுக் குறைந்திருந்தன. ஆனால் 20 சதவீதத்துக்கு மேல் முன்னேறியோர் விகிதத்தில் இரு குழுவினரிடையே வேறுபாடு இல்லை. காஞ்சிபுரம் மாவட்டக் கிராமங்களில் மட்டும் பலன் தெளிவாகத் தெரிந்தது. மனநல மருத்துவர் அரிதாக உள்ள இடங்களுக்கே இம்முறை ஏற்றது என்பது 2014இல் லான்செட் இதழில் வந்த அறிக்கையின் முடிவு. மருத்துவமனை வசதி நிறைந்த நகரங்களில் இதை அப்படியே புகுத்துவது வீண் செலவு.

அளவுகோல்: இந்த ஆய்வில் இயலாமையை அளக்கப் பயன்பட்ட 'ஐடியாஸ்' கருவி இந்தியாவில் உருவானது, 2002இல் மத்திய அரசு ஏற்றது. தன்னைப் பேணுதல், பிறருடன் பழகுதல், பேச்சும் புரிதலும், வேலை என நான்கு கூறுகளுக்கும் தலா 0 முதல் 4 வரை மதிப்பெண் உண்டு. நோயின் கால அளவுக்குத் தனி மதிப்பெண். மொத்தம் 20. மதிப்பெண் 7 ஆனால் 40 சதவீத ஊனம், சலுகைக்குத் தகுதி உண்டு. 6 என்றால் இல்லை. வேலைக்கு மதிப்பெண் இடுவதில்தான் சிக்கல். தறி வீட்டில் கூலியின்றித் தார் சுற்றும் மகள் வேலை செய்பவளா, செய்யாதவளா? இதற்கு விடை மதிப்பிடும் மருத்துவர் வீட்டாரிடம் எவ்வளவு நேரம் பேசுகிறார் என்பதைப் பொறுத்தது.

இன்றைய நிலை: மாநில அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 முதல் வீட்டிலேயே இயன்முறை மருத்துவம் தருகிறது, உலக வங்கி உதவியுடன் மாற்றுத்திறனாளிகளுக்கான 'உரிமைகள்' திட்டம் நடக்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தொழுநோயிலிருந்து குணமடைந்தோரையும் மனநோயாளரையும் உள்ளிட்ட 21 வகையினரை ஏற்கிறது. சலுகைக்கான 40 சதவீத வரம்பில் மாற்றமில்லை.